தண்ணீருக்குப் பின்னால்

ஆடி பிறந்து நாலாம் நாள்.
திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே
முள்ளியாற்று மதகில்
லஸ்கர் மதிவாணன் சக்கரத்தைச் சுற்றினான்.
பலகைக்கு அடியில் முதலில் வந்தது தண்ணீர் அல்ல.
நுரை, ஒற்றைச் செருப்பு, வைக்கோல்,
காலி குவார்ட்டர் பாட்டில்.
பிறகுதான் அது வந்தது,
காய்ந்த மணலை முகர்ந்து முகர்ந்து.
“இதோடவே நடப்போம்” என்றாள் நூர்ஜஹான்.
மணி ஆறு இருபது.

முதல் தண்ணீரின் வேகமும் எங்கள் வேகமும்
ஏறக்குறைய ஒன்று.
அது பள்ளம் கண்ட இடத்தில் நின்று நிரப்பிவிட்டு வரும்,
நாங்கள் டீக்கடை கண்ட இடத்தில்.
மலையேறுகிறவர்களுக்கென்று
தஞ்சாவூரில் மூவாயிரத்து இருநூறுக்கு விற்ற பூட்ஸ்
முதல் வாய்க்கால் உடைப்பிலேயே
காலுக்கு ஒரு கிலோ சேறு வாங்கிக்கொண்டது.
இங்கே ஏறுவதற்கு இருப்பது மதகுப் படி மட்டும்.
ஏழு படி.
ஏறி நின்றால்
தூரத்தில் இன்னொரு மதகு.

மருதூர் தாண்டி ஒரு வாத்துக்காரர்.
எண்ணூறு வாத்து, ஒரு கழி.
“எங்க போறீங்க?”
“கோடியக்கரை.”
“பஸ் இருக்கே.”
“நடந்து போறோம்.”
“சுகரா?”
“இல்ல.”
“வேளாங்கண்ணின்னா அந்தப் பக்கமுல்ல போவணும்.”
“இல்லண்ணே. ஆறு எங்க முடியுதுன்னு பாக்கலாம்னு.”
அவர் சிரித்தார்,
எங்களைப் பார்த்து அல்ல, வாத்துகளைப் பார்த்து.
“ஆறு எங்கம்மா முடியுது?
தண்ணிதான் முடியுது.”

ஆயக்காரன்புலத்தில் பள்ளிக்கூட வராந்தா.
கட்டைவிரல் கொப்புளத்தை
ஊசியால் உடைத்தாள் நூர்ஜஹான்.
பதினெட்டு வருஷத்து நர்ஸ்.
தன் காலுக்கு மட்டும் கை நடுங்கியது.
மாற்றல் உத்தரவு பையில் இருக்கிறது என்றாள்,
தர்மபுரிக்கு.
“அங்க மலை இருக்கு” என்றேன்.
சொல்லியிருக்க வேண்டாம்.
வெளியே இருட்டில் ஆறு
எங்களை விட்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்தது.

காலையில் ஓட்டமும் நடையுமாகப் போய்ப் பிடித்தோம்.
கருப்பம்புலத்துக்குக் கீழே, மூடிய பலகைக்கு முன்னால்
களைத்த மாடு போலப் படுத்திருந்தது.
பாதி, யாருடைய நாற்றங்காலுக்கோ திரும்பிவிட்டது.
நெடுநேரம் நின்றோம்.
அதற்கப்புறம் ஆற்றில் ஆறு இல்லை.
கருகிய ஆகாயத்தாமரை மேல்
ஆடுகள் நடுமையத்தில் நடந்தன,
நாங்களும்.

அகஸ்தியன்பள்ளி உப்பளம்.
ஐந்து கிலோமீட்டருக்கு நிழல் என்று ஒன்று
எங்கள் இருவருடையதுதான்.
அவளுடையதில் நான் கொஞ்சம், என்னுடையதில் அவள் கொஞ்சம்
மிதித்துக்கொண்டே வந்தோம்.
பேசவில்லை. உதட்டைத் தொட்டால் கரித்தது.

மூன்றாம் நாள் காடு.
வாசலில் நோட்டு நீட்டினார்கள்.
பெயர், ஊர், செல் நம்பர்.
‘நோக்கம்’ என்ற கட்டத்தில் நூர்ஜஹான்
‘நடை’ என்று எழுதினாள்.
வாட்சர் இரண்டு தடவை படித்துப் பார்த்தார்.
பாலை மரங்களுக்கு அடியில் போகும் வழி
மனிதர் போட்டதல்ல, மட்டக்குதிரைகள் போட்டது.
சாணம் காட்டிய பக்கம் திரும்பினோம்.
ஒரு வெளிமான் எங்களைப் பார்த்தது,
பொருட்படுத்தவில்லை.

ராமர் பாதம் ஒரு மணல் மேடு.
“ஜில்லாவுலயே ஒசந்த எடம் இதான்” என்றார் வாட்சர்.
போன் ஐந்து மீட்டர் என்றது.
சிகரம் தொட்டவர்கள் மாதிரி
கைகொடுத்துக்கொண்டோம்.
கீழே காட்டின் தலை, சதுப்பின் சாம்பல்,
அதற்கப்பால் கோடு கிழித்த மாதிரி கடல்.
கல்லில் இரண்டு பாதம்.
பூட்ஸை அவள் படியிலேயே கழற்றி வைத்திருந்தாள்.
கொப்புளத்துக்குக் காற்று.
“தர்மபுரி எத்தனை மீட்டர்?” என்றாள்.
தேடினேன். வந்தது.
சிக்னல் இல்லை என்றேன்.

அந்த நேரம் பார்த்து மதிவாணன் கூப்பிட்டான்.
“அக்கா, தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?”
“கருப்பம்புலம்.”
“நீங்க?”
“அதுக்கு மேல கொஞ்ச தூரம்.”
“சரிக்கா” என்றான்,
“எழுதிக்கிறேன்.”